அச்சமும் மருட்கையும்: ‘சைக்கோ’ திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

அச்சத்தைப் பொருளாகக் கொள்ளும் கலைக்கு மற்றைய கலைகளுக்கு இல்லாத ஓர் இடர்ப்பாடு உண்டு. நல்ல நகைச்சுவை பன்முறை கேட்ட பின்னரும் இதழோரத்திற் சிறு நகையை விளைவிக்கும். அவலம் நிறைந்த நாடகம், முடிவு தெரிந்தவர்களையும் கலங்கச் செய்யும். அச்சமோ பழகப் பழகத் தேய்வது. முதன்முறை நடுங்கியவன் இரண்டாம் முறை புன்னகை புரிகிறான். மூன்றாம் முறை கொட்டாவி விடுகிறான். ஆதலின், திகிற்படங்களைப் பல்லாண்டு விரும்பிப் பார்த்துப் பயின்ற சுவைஞனின் நிலை விந்தையானது. அவன் அஞ்சுவதற்காகவே படமாளிகைக்குச் செல்கிறான். அஞ்சாமலே திரும்பி வருகிறான். மெல்லத் திறக்கும் கதவின் பின்னால் முதலில் ஒரு பூனையே இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். ஊரார் தடுக்கும் மாளிகைக்கே கதைத்தலைவன் போவான் என்பதும், கதைத்தலைவி எத்துணை இடர்ப்பட்டாலும் கடைசிக் காட்சிவரை உயிரோடிருப்பாள் என்பதும் அவனுக்குத் தெரியும். அறிவே அவனுக்குக் கவசமாகிறது.

இக்கவசத்தையும் ஊடுருவிச் செல்லும் படம் எத்தகையது? அது தரும் வியப்பு வெறுந் தந்திரமா, அன்றிக் கலையா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு, அல்பிரட் ஹிச்கொக் நெறிப்படுத்தி 1960 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சைக்கோ’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் மிகவும் ஏற்றது. அதன் இரகசியம் இன்று இரகசியமன்று. படத்தைப் பாராதவர் பலரும் அதனை அறிவர். அவ்வாறிருந்தும் அப்படம் மீண்டும் மீண்டும் பார்க்கப்படுகிறது, ஆராயப்படுகிறது. வியப்பு முழுவதும் இரகசியத்திலேயே தங்கியிருந்ததாயின், இரகசியம் வெளிப்பட்ட அன்றே படமும் மாண்டிருத்தல் வேண்டும். அது மாளவில்லை. ஏன் மாளவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆதலால் கதையின் முடிவையும் மறையாது கூறுதல் ஈண்டு இன்றியமையாததாகின்றது.

ரொபேட் புளொக் 1959 இல் எழுதிய நாவலே இப்படத்துக்கு மூலம். ஜோசப் ஸ்ரெபானோ அதனைத் திரைக்கதையாக்கினார். ஹிச்கொக் அப்பொழுது பெரும் பொருட்செலவில், புகழ்பெற்ற நடிகர்களைக் கொண்டு வண்ணப் படங்களை எடுத்துக்கொண்டிருந்தவர். ‘சைக்கோ’வையோ அவர் கறுப்பு வெள்ளையில், தமது தொலைக்காட்சித் தொடரிற் பணியாற்றிய கலைஞர் பலரைக் கொண்டு, ஏறத்தாழ 8 இலட்சம் டொலர் செலவில் எடுத்து முடித்தார். படம் தொடங்கிய பின்னர் எவரையும் உள்ளே விடலாகாது என்று படமாளிகைகளுக்குக் கண்டிப்பான கட்டளையும் விதித்தார். நினைத்த நேரத்தில் உள்ளே சென்று, நடுவிலிருந்து பார்க்கத் தொடங்குவது அக்கால வழக்கம். அவ்வழக்கத்தை முறித்த இக்கட்டளையைப் பலர் விளம்பரத் தந்திரமென்றே கருதினர். விளம்பரமும் அதில் இருந்தது. எனினும், கதையின் அமைப்பே அதனை வேண்டிநின்றது என்பது பின்னர்ப் புலனாகும்.

1960 இல் படமாளிகைக்குச் சென்ற பயின்ற சுவைஞன் எவற்றை அறிந்திருந்தான் என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். 1931 இல் வெளிவந்த ‘டிராக்குலா’வையும் ‘பிராங்கன்ஸ்ரைன்’ஐயும் அவன் அறிந்திருந்தான். அவற்றில் அச்சம் தொலைதூர நாட்டிற் பழங் கோட்டையிற் குடியிருந்தது. 1954 இன் ‘தெம்’ போன்ற படங்களையும் அவன் அறிந்திருந்தான். அவற்றில் அணுக்குண்டுச் சோதனையால் எறும்புகள் மிகப் பெரிதாக வளர்ந்தன. பிரான்சியரான குளூஸோ 1955 இல் எடுத்த ‘லே டியபொலிக்’ என்னும் படத்தையும் சிலர் பார்த்திருந்தனர். முடிவை நண்பர்களுக்குச் சொல்லற்க என்று வேண்டிக்கொள்ளும் அப்படத்தில், கடைசி நிமிடங்களிலே கதை தலைகீழாகப் புரண்டது. எனவே, அச்சம் வெளியிலிருந்து வரும், திருப்பம் கடைசியில் வரும் என்னும் இரண்டு விதிகளும் அச்சுவைஞனின் உள்ளத்தில் வேரூன்றியிருந்தன. ‘சைக்கோ’ இவ்விரண்டையும் மீறியது.

மீறிய முறையை விளக்குதற்கு நமது இலக்கண நூலொன்று நல்ல கருவியைத் தருகின்றது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில், அச்சம் பிறக்குங் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை என்னும் நான்கும் கூறப்படுகின்றன. வியப்பாகிய மருட்கை பிறக்குங் களங்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன. ஹிச்கொக்குக்கும் தொல்காப்பியருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆயினும், மனித உள்ளத்தை நுணுகி நோக்கி வகுத்த பாகுபாடு எக்காலக் கலைக்கும் ஒளி தரவல்லது. ‘சைக்கோ’வில் அச்சத்தின் நான்கு களங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்பதும், ஒவ்வொன்றும் நாம் எதிர்பார்த்த இடத்தில் இல்லாமல் வேறிடத்தில் இருக்கின்றது என்பதும் நோக்கத்தக்கன.

கதை அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில், டிசெம்பர் 11 ஆந் திகதி, வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.43 மணிக்குத் தொடங்குகிறது. இவ்வளவு துல்லியமாக நாளும் நேரமும் திரையில் எழுதிக் காட்டப்படுகின்றன. பேய்க்கதைக்குரிய நள்ளிரவு இல்லை, பட்டப்பகல். மரியன் கிரேன் என்னும் பெண் ஓர் அலுவலகத்தில் வேலை செய்பவள். அவள் விரும்பும் ஆடவன் கடன் சுமையால் அவளை மணம்புரிய இயலாதிருக்கிறான். வங்கியில் இடுமாறு அவளிடம் கொடுக்கப்பட்ட 40,000 டொலரை அவள் எடுத்துக்கொண்டு காரில் புறப்படுகிறாள். இங்கே கள்வர் என்னும் களம் வந்துவிட்டது. ஆனால், கள்வரைக் கண்டு நாம் அஞ்சவில்லை. கள்வி அகப்பட்டுவிடுவாளோ என்றே அஞ்சுகிறோம். தெருவைக் கடக்கும் முதலாளி அவளைக் காண்கிறார். வழியோரத்திற் காரில் உறங்கியவளைக் கறுப்புக் கண்ணாடி அணிந்த பொலிஸ்காரர் தட்டி எழுப்புகிறார். இது இறையைக் கண்டு அஞ்சும் அச்சம். அரை மணி நேரத்துக்குள், குற்றஞ் செய்தவளின் பக்கத்தில் நம்மையறியாமலே போய் நின்றுவிடுகிறோம்.

மழையில் வழி தவறியவள் நெடுஞ்சாலையை விட்டு விலகிய ஒரு விடுதியை அடைகிறாள். பன்னிரண்டு அறைகள், பன்னிரண்டும் வெறுமை. பின்னால் மேட்டிலே பழைய மாளிகை ஒன்று நிற்கிறது. பயின்ற சுவைஞன் அதனைக் கண்டவுடன், ‘ஆம், இதுவே பேய் வீடு’ என்று நிமிர்ந்து அமர்கிறான். மாளிகையை நோக்கியவன், தாழ்வாகவும் சாதாரணமாகவும் இருக்கும் விடுதியைக் கவனியாது விட்டுவிடுகிறான். விடுதியின் சொந்தக்காரனான நோர்மன் பேற்ஸ் கூச்சமும் இனிமையும் நிறைந்த இளைஞன். அவன் தன் சிறு அறையில் அவளுக்கு உணவளித்து உரையாடுகிறான். சுவரெங்கும் அவன் பதப்படுத்தி வைத்த பறவைகள். சிறகு விரித்த ஆந்தை ஒன்று தலைக்கு மேல் நிற்கிறது. விலங்கு என்னும் களமும் இதோ வந்தது. ஆனால், அவை செத்தவை. செத்ததை உயிருள்ளதுபோல் வைத்திருக்கும் கையே அஞ்சத்தக்கது என்பது அப்பொழுது நமக்கு விளங்குவதில்லை. அவ்வுரையாடலில், ஒவ்வொருவரும் தத்தம் பொறிக்குள் அகப்பட்டிருக்கும் நிலை பேசப்படுகிறது. அதைக் கேட்ட மரியன் மனந்திருந்தி, விடிந்ததும் திரும்பிச் சென்று பணத்தை ஒப்படைப்பதென்று தீர்மானிக்கிறாள்.

கதை இனி எப்படிச் செல்லும் என்பது நமக்குத் தெரிந்துவிட்டது. குற்றம், அலைச்சல், மனமாற்றம், மன்னிப்பு என்பது நன்கு மிதிபட்ட பாதை. அவள் குளியலறைக்குட் சென்று நீரைத் திறந்துவிடுகிறாள். அழுக்கோடு பழியும் கழுவப்படுவதுபோல முகம் மலர்கிறது. திரைச்சீலைக்கு அப்பால் ஒரு நிழல் தோன்றுகிறது. ஒரு நிமிடத்துக்குள் அவள் கொல்லப்படுகிறாள். 109 நிமிடப் படத்திலே முக்கால் மணி நேரம் சற்றே கடந்திருக்கும் வேளையில், விளம்பரங்களில் முதன்மை பெற்ற நடிகையான ஜனெற் லீ கதையிலிருந்து மறைந்துவிடுகிறார். இப்பொழுது அக்கட்டளையின் காரணம் விளங்கும். பிந்தி வந்தவர், இல்லாத கதாநாயகியை இறுதிவரை எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்.

இக்காட்சியைப் படமாக்க ஏழு நாட்கள் சென்றன. உயரும் கத்தி, பொழியும் நீர், அலறும் வாய், சுவரைப் பற்றித் தேடும் கை எனச் சிறுசிறு துண்டுகள் கண்ணிமைக்கும் வேகத்தில் மாறுகின்றன. புண்களை விரித்துக் காட்டாமலே கொடுமை காட்டப்படுகிறது. காட்டாததைப் பார்ப்பவரின் உள்ளம் தானே இட்டு நிரப்புகிறது. பேர்னாட் ஹேர்மன் படம் முழுவதற்கும் நரம்பு வாத்தியங்களை மட்டுமே கொண்டு இசையமைத்தார். இக்காட்சிக்கு இசையே வேண்டாமென ஹிச்கொக் முதலில் எண்ணியிருந்தார். ஹேர்மன் அமைத்த இசையைக் கேட்டபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். வயலின்களின் அக்கீச்சொலி, பக்கத்தறையில் அசைவற்று நின்ற பறவைகள் உயிர்பெற்றுக் கத்துவதுபோல ஒலிக்கின்றது.

ஆயினும், கதைத்தலைவி நடுவிலே இறப்பது புதுமையென்னும் அளவிலேயே நின்றுவிடின், அது ஒருமுறை வெடித்து ஒழியும் வாணம். மூலநூலோடு ஒப்பிடின் இது தெளிவாகும். நாவல் நோர்மனும் தாயும் சச்சரவிடுவதோடு தொடங்குகிறது. அங்கே நோர்மன் நாற்பது வயதுடைய, பருத்த, குடிப்பழக்கமுள்ள மனிதன். அவனிடம் ஏதோ கோணல் உண்டென்பதை வாசகன் தொடக்கத்திலேயே உணர்கிறான். திரைப்படமோ முதலில் மரியனை நம் உள்ளத்தில் இருத்துகிறது. அதன் பின்னரே நோர்மனை, அதுவும் அந்தனி பேர்க்கின்ஸ் என்னும் மெல்லிய உருவமும் தயங்கிய பேச்சும் உடைய இளம் நடிகரின் வடிவிலே, அறிமுகப்படுத்துகிறது. இம்மாற்றத்தின் பயன் கொலைக்குப் பின்வரும் பகுதியிலே வெளிப்படுகிறது.

அப்பகுதியே என் கருத்திற் படத்தின் உயிர்நிலை. தாய் செய்த கொலையை மறைக்க நோர்மன் குளியலறையைக் கழுவுகிறான். பேச்சு ஏறக்குறைய இல்லாமலே இக்காட்சி நெடுநேரம் செல்கிறது. துடைப்பம், வாளி, ஈரத்துணி ஆகியவற்றோடு ஒருவன் பொறுமையாக வேலை செய்வதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். செய்தித்தாளிற் சுற்றியிருந்த 40,000 டொலரையும், அஃது என்னவென்று அறியாமலே, உடலோடு காரில் எறிந்துவிடுகிறான். அதுவரை கதைக்கு அச்சாணியாயிருந்த பணம் ஒரு கணத்திற் குப்பையாகிவிடுகிறது. பின்பு காரைச் சேற்றுக் குளத்துட் தள்ளுகிறான். கார் மெல்லத் தாழ்கிறது, பாதியில் நின்றுவிடுகிறது. நோர்மன் திகைத்துச் சுற்றுமுற்றும் பார்க்கிறான். அவ்வொரு கணத்தில் நம் மூச்சும் நின்றுவிடுகிறது. கார் மீண்டும் அமிழ்ந்தவுடன் நாம் நிம்மதியடைகிறோம்.

எதற்காக நிம்மதி? சற்று முன்னர் யாருக்காக இரங்கினோமோ, அவளது உடலே அக்காரினுள் இருக்கிறது. அவ்வுடல் மறையவேண்டும் என்று விரும்பியவர்கள் நாமே. நம்மை ஒருவரும் வற்புறுத்தவில்லை. இனியவனாகவும் இடர்ப்பட்டவனாகவும் தோன்றிய ஒருவனின் பக்கம் நாமாகவே சாய்ந்தோம். கள்வியின் பக்கம் சாய்ந்ததும் இவ்வாறே. பயின்ற சுவைஞன் எதிர்பாராத திருப்பம் இதுவே. திரையிலே யார் எப்பொழுது சாவார் என்பதைப்பற்றி அவன் அறிந்தவை பல. இருளிற் கதிரையில் அமர்ந்திருக்கும் தன் உள்ளம் எவ்வளவு எளிதாக இடம் மாறும் என்பதையோ அவன் அறிந்திருக்கவில்லை. அவனது கவசம் திரையை நோக்கி அணியப்பட்டது. அடியோ முதுகுப்புறத்திலிருந்து விழுந்தது.

எஞ்சியது அணங்கு. மரியனைத் தேடி வந்த துப்பறிவோன் மாளிகைப் படியிலே கொல்லப்படுகிறான். அக்கொலையைக் கமரா கூரையின் உயரத்திலிருந்து காட்டுகிறது. நோர்மன் தன் தாயைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போதும் அவ்வாறே மேலிருந்து காட்டுகிறது. கிழவியின் முகத்தை மறைத்தற்கே அவ்வுயரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பார்ப்பவரோ அதனைக் காட்சியின் அழகென்று எண்ணி ஐயுறாது விடுகின்றனர். அத்தாய் பத்தாண்டுகளுக்கு முன்னரே இறந்து அடக்கஞ் செய்யப்பட்டவள் என்று உள்ளூர்ப் பொலிஸ் தலைவர் சொன்னதும், ‘பேய்க்கதைதான்’ என்று சுவைஞன் இரண்டாம் முறையும் தன் அறிவை நம்புகிறான். நிலவறையில் நாற்காலி திரும்பும்போது அங்கே இருப்பது பேயுமன்று, தாயுமன்று, பதப்படுத்திய பிணம். தாயின் உடையணிந்து கத்தியோடு ஓடி வருபவன் மகன். பெற்றோரும் ஒருவனை ஆள்பவர்களே. ஆதலால், இறை என்னும் களத்தில் தாயையும் அடக்குதல் பொருந்தும். நாம் அணங்கென்று அஞ்சியது நோர்மனுக்கு இறையாக இருந்தது. அவ்விறையும் வெளியிலில்லை, அவனுள்ளேயே குடிகொண்டிருந்தது.

இப்படத்துக்குக் குறைகளும் உண்டு. இறுதியில் மருத்துவர் ஒருவர் தோன்றி, நோர்மனின் உள்ளம் இரண்டாய்ப் பிளந்த வரலாற்றை நீண்ட விரிவுரையாக எடுத்துரைக்கிறார். காட்சியால் உணர்த்திய கலைஞன் சொல்லால் விளக்கப் புகுந்தமை சலிப்பைத் தருகிறது. இதனினும் பெரிய குறையொன்று உளது. உள நோயாளரையும் கொலையாளரையும் ஒன்றாக எண்ணும் பேதைமையை இப்படத்தின் வெற்றி வளர்த்துவிட்டது. இதன் பெயரே இன்று ஒரு வசைச்சொல்லாக வழங்குகிறது. உளநோயுற்றோரிற் பெரும்பாலார் பிறருக்கு எவ்விதத் தீங்கும் செய்யாதவர் என்பதை மாணவர் மறத்தலாகாது. எனினும், மருத்துவரின் விரிவுரைக்குப் பின் வரும் கடைசிக் காட்சி அக்குறையை ஓரளவு ஈடு செய்கிறது. போர்வை போர்த்துச் சுவரோரம் அமர்ந்திருக்கும் நோர்மனின் உள்ளத்தில் தாயின் குரல் மட்டுமே பேசுகிறது. அவன் முகத்தின்மேல் மண்டையோட்டின் உரு ஒருகணம் படிந்து மறைய, சேற்றிலிருந்து கார் சங்கிலியால் இழுக்கப்படுகிறது. விரிவுரை விளக்கியதாக எண்ணியது விளங்காமலே எஞ்சி நிற்கிறது.

அக்காலத் திறனாய்வாளர் பலர் இப்படத்தை முதலில் மதிக்கவில்லை. ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகையின் பொஸ்லி குறோதர் முதலில் இதனைக் குறைவாக எடைபோட்டார். ஆண்டிறுதியில் அவரே தமது பத்துச் சிறந்த படங்களுள் இதனையும் சேர்த்தார். 1965 இல் ஆங்கிலத் திறனாய்வாளரான றொபின் வூட், ஹிச்கொக்கின் படங்களைப்பற்றித் தாம் எழுதிய நூலில் இதனைச் சீரிய கலைப்படைப்பாகவே ஆராய்ந்தார். அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் ஒஸ்கார் விருதுக்கு நான்கு பிரிவுகளில் இப்படம் முன்மொழியப்பட்டது, ஒன்றும் கிடைக்கவில்லை. காலம் அளித்த தீர்ப்பு வேறு.

படத்தின் ஆற்றல் எங்கே தங்கியுள்ளது என்பதற்கு ஓர் அரிய சோதனையும் நிகழ்ந்தது. 1998 இல் கஸ் வான் சான்ற் என்னும் நெறியாளர் இப்படத்தை வண்ணத்தில், பெரும்பாலும் காட்சிக்குக் காட்சி அவ்வாறே மீண்டும் எடுத்தார். அதே உரையாடல், ஹேர்மனின் அதே இசை. ஆயினும், அது பழைய படத்தின் உயிரைப் பெறவில்லை. முடிவு தெரிந்திருந்தமையே காரணம் என்பது பொருந்தாது. முடிவு தெரிந்த நாமே பழைய படத்தை இன்றும் கலங்கிப் பார்க்கின்றோம். புதிய படத்தின் நோர்மனிடம் அச்சுறுத்தும் தன்மை தொடக்கத்திலேயே புலப்படுகின்றது. ஆகவே, நம் உள்ளம் அவன்பாற் சாய்வதில்லை. சாயாத உள்ளத்துக்குச் சேற்றுக் குளத்தருகே திடுக்கீடும் இல்லை. கமரா நின்ற இடங்களைப் படியெடுக்கலாம். பார்ப்பவனின் உள்ளம் நகர்ந்த வழியைப் படியெடுத்தல் எளிதன்று.

மருட்கையின் களங்களை இப்பொழுது மீண்டும் நினைவுகூர்வோம். புதுமையாற் பிறக்கும் வியப்பு அறிந்தவுடன் அழிவது. பெருமை, சிறுமைகளாற் பிறப்பது பழகியதும் மங்குவது. பேருருவ எறும்பும் சில படங்களுள் வெறும் எறும்பாகிவிட்டது. ஆக்கம் என்பதற்கோ ஒன்று பிறிதொன்றாக ஆதல் என்று பொருள் கொள்ளலாம். கள்வி மனந்திருந்தியவளாதல், மகன் தாயாதல், இரங்கியவன் உடந்தையாதல் என்னும் மூன்று ஆக்கங்கள் ‘சைக்கோ’வில் உள்ளன. மூன்றாவது ஆக்கம் நிகழ்வது திரையிலன்று; பார்ப்போரிடத்தே. ஆகவே, அஃது ஒவ்வொரு முறையும் புதிதாக நிகழவேண்டியிருக்கிறது, நிகழவும் செய்கிறது.

நாவலாயினும் நாடகமாயினும் திரைப்படமாயினும், ஒரு வகையிற் பலவற்றைக் கற்றுத் தேர்ந்தவர் அடுத்த படைப்பைத் திறக்குமுன்னரே அதனை அறிந்துவிட்டதாக எண்ணுதல் இயல்பு. அக்கல்வி பயனற்றதன்று, அதில்லாதவனுக்கு மீறல் மீறலாகத் தோன்றவே மாட்டாது. கதைத்தலைவி சாகமாட்டாள் என்னும் விதியை அறிந்தவனுக்கே அவள் சாவு இடியாக விழுகிறது. எனவே, நல்ல திகிற்படம் பயின்ற சுவைஞனைப் பகைவனாகக் கருதுவதில்லை. அவனையே தனக்கு வேண்டிய கருவியாக்கிக்கொள்கிறது. இலேசான பொழுதுபோக்கு என்று கற்றோர் ஒதுக்கிவைக்கும் ஒரு துறையில், தன்னை அறிதல் என்னும் கலையின் பெரும்பயன் இவ்வாறு கைகூடியிருத்தலைச் ‘சைக்கோ’ காட்டுகின்றது.